ஓடிபி அத்தையிடம் இருக்கிறது

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டுவிட்டால் மற்றவர்கள் வண்டியை அணைத்துவிட்டு ரயிலைத் திட்டுவார்கள். என் வீட்டுக்காரர் செல்போனை எடுத்துச் சாமான் வாங்குவார். சரக்கு ரயில் கொஞ்சம் நீளமாகப் போனால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கழுத்தில் மாட்டும் ஃபேன், கையடக்க ஜூஸர், கார் சீட்டைச் சுத்தம் செய்யும் வாக்குவம் கிளீனர் எல்லாம் கேட்டில் நின்று வாங்கியவைதான். எங்களிடம் கார் கிடையாது.

முதலில் அவர் போன் செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங்கைத் திறந்து, ஷாப்பிங் ஆப்புக்கு ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் என்று டைமர் வைத்தேன். நேரம் முடிந்ததும் ஐகான் மங்கிவிடும், திறக்காது. ஆனால் அந்தக் கணக்கு நள்ளிரவில் புதிதாக ஆரம்பித்துவிடும். தள்ளுபடி விற்பனை ஆரம்பிப்பதும் ராத்திரி 12 மணிக்கு! பேசி வைத்துக்கொண்டுதான் செய்கிறார்களோ என்னவோ.

சரி, கார்டைப் பிடிப்போம் என்று இறங்கினேன். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபரிலிருந்து கார்டில் ஆன்லைன் செலவை நாமே நிறுத்திவைக்கலாம், உச்சவரம்பும் போடலாம். பேங்க் ஆப்பில் நிறுத்த வைத்தேன். மனுஷன் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. பார்சல் வந்தபோதுதான் புரிந்தது: கேஷ் ஆன் டெலிவரி. "பணம் குடுத்து வாங்கி வை" என்று எனக்கே போன்!

கடைசியில் கைகொடுத்தது அத்தையின் பட்டன் போன். வீட்டுக்காரரின் ஷாப்பிங் கணக்கில் அத்தையின் நம்பரைப் போட்டுவிட்டேன். இப்போது டெலிவரி தம்பி ஓடிபி கேட்டு அத்தை முன்னால்தான் நிற்க வேண்டும்.

"உள்ள இன்னா கீது?"

"தெரியாதும்மா."

"தெரியாதத எதுக்குத் தூக்கினு வந்த? மோர் குடிச்சிட்டுக் கெளம்பு."

பார்சல் திரும்பிப் போய்விடும். சட்டை என்று தெரிந்துவிட்டால் இன்னும் மோசம். எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடையில் அது என்ன விலை என்று அத்தை ஆரம்பித்தால் அந்தப் பையன் அடுத்த டெலிவரிக்குப் போக முடியாது.

இவரும் வாங்குவதை விட்டுவிட்டு, ஆப்பின் கார்ட்டில் போட்டு வைப்பதோடு நிற்கிறார். நேற்று அத்தை போனுக்கு ஒரு மெசேஜ். என்னைப் படிக்கச் சொன்னார். கார்ட்டில் எடுத்து வைத்த பொருள் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று இருந்தது. உடனே மகனுக்குப் போன் போட்டார்.

"டேய், கடைக்காரன் எடுத்து வெச்சிக்கினு காத்துக்கினு கீறானாம். வேணாம்னு ஒரு வார்த்த சொல்லிடுடா, பாவம், கடைய மூடிக்கினு வீட்டுக்குப் போவட்டும்."