லயத்து முகவரி

கனடாவின் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிப்பவர்களைத் திணறவைப்பது ஆங்கிலத் தேர்வு என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். என்னைத் திணறவைத்தது முகவரிப் பகுதி. கடந்த பத்து ஆண்டுகளில் எங்கெங்கே குடியிருந்தாய், எந்த மாதம் முதல் எந்த மாதம்வரை, நடுவில் ஒரு மாதம்கூட விடுபடாமல் எழுது என்கிறது படிவம். தபால் பெட்டி எண்ணைக் கொடுக்கக் கூடாது. வீட்டு எண்ணும் தெருவும் வேண்டும். வண்டிப்பெரியாற்றுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், பத்து வீடுகளை ஒரே கூரையில் ஒட்டிக் கட்டிய லயத்தில் வளர்ந்தவனுக்குத் தெரு ஏது? எஸ்டேட் பெயர், டிவிஷன், லயத்தின் எண், பீர்மேடு தாலுகா, இடுக்கி மாவட்டம். கடிதம் எஸ்டேட் அலுவலகத்துக்கு வரும். தபால்காரர் அப்பாவின் பெயரைப் பார்த்து யாரிடமாவது கொடுத்துவிடுவார். தெரு என்ற கட்டத்தில் லயத்தின் எண்ணை எழுதி, இதுதான் முழு முகவரி என்று தனியாக ஒரு விளக்கக் கடிதமும் இணைத்தேன்.

அப்பாவின் தாத்தா கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கங்காணி ஒருவரோடு குமுளி வழியாக மலை ஏறியவர். அவர் ஏறியபோது அது திருவிதாங்கூர் அரசு. 1949இல் திருவிதாங்கூர்-கொச்சி ஆனது. 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கவேண்டும் என்று இங்கிருந்த தமிழர்கள் போராடினார்கள். கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் போயின. நாங்கள் கேரளத்தில் நின்றுவிட்டோம். அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. மலையாளம் பேசுவேன், தமிழ்வழிப் பள்ளியில் படித்தேன், வீட்டில் இரண்டு மாநிலத்துச் செய்திகளும் ஓடும். வருத்தமெல்லாம் வீட்டைப் பற்றியது.

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல் வந்தது. தொழிலாளிக்கு முதலாளி வீடு தரவேண்டும் என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் வீடு வேலையோடு வருகிறது, வேலையோடு போகிறது. ஓய்வு பெற்றால் காலி செய்யவேண்டும். அல்லது பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கவேண்டும். கிராஜுவிட்டி கைக்கு வரும்வரை சாவியைத் தரமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருக்கும் கிழவிகளை எங்கள் லயத்திலேயே காட்டலாம். எங்களுக்குப் பக்கத்தில்தான் முல்லைப் பெரியாறு அணை. அதன் நீருக்காக 1886இல் போட்ட குத்தகை 999 ஆண்டுகளுக்கு. மதுரைப் பக்கம் போகும் தண்ணீருக்கு 999 ஆண்டுகள், கொழுந்து கிள்ளுகிறவளுக்கு ஓய்வு நாள்வரை என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். எஸ்டேட் கூட்டங்களில் எடுபடக்கூடிய பேச்சு. அவர் வீட்டில் மட்டுமே பேசினார்.

நான் பெயர் கொடுக்கவில்லை. கேட்டரிங் படித்து, தேக்கடியில் விடுதிச் சமையலறைகளில் இருந்துவிட்டு, கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் ரெஜைனா நகருக்குச் சமையல்காரனாக வந்தேன். வந்தது முதலாளிக்குக் கட்டுப்பட்ட பணி அனுமதியில். அந்தத் தாளில் முதலாளியின் பெயர், வேலை, ஊர் மூன்றும் அச்சாகியிருக்கும். வேறு கடையில் ஒரு நாள் தோசை வார்த்தாலும் விதிமீறல். வேலை போனால் நாடும் போகக்கூடும். படித்த நண்பர்கள் இதைக் கேட்டு அதிர்ந்தார்கள். எனக்கு அதிர்ச்சி ஒன்றும் வரவில்லை. லயத்து விதியை யாரோ பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்ததுபோல் இருந்தது. பயத்தில் வாய் திறக்காமல் இருப்பது, மேலாளர் முகம் பார்த்து விடுப்புக் கேட்பது, கூடுதல் நேரத்தைக் கணக்கில் எழுதச் சொல்லத் தயங்குவது, எல்லாம் பழகிய பாடம்.

இப்படி வருபவர்களுக்கு இரண்டு செய்திகளைச் சொல்லிவைக்கிறேன். வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்க முதலாளிக்குக் கனடா அரசு தரும், இந்த அனுமதிக்கு அடிப்படையான எல்.எம்.ஐ.ஏ. தாளுக்குத் தொழிலாளியிடம் பணம் வாங்குவது கனடா விதிப்படி குற்றம். ஆனாலும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். முதலாளி கொடுமை செய்தால், அவரை விட்டு வெளியேறி வேறிடத்தில் வேலை பார்க்கத் திறந்த அனுமதி கேட்கும் வழி 2019 ஜூன் முதல் இருக்கிறது. இந்த இரண்டையும் எந்த ஏஜென்டும் சொல்வதில்லை.

எங்கள் சமையலறையில் மூத்தவர் இலங்கை ஹட்டனைச் சேர்ந்த அண்ணன். டொராண்டோவில் பல காலம் இருந்துவிட்டு மேற்கே வந்தவர். முதல் வாரத்தில், "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டார். எஸ்டேட் என்றேன். "லயமா?" என்றார். அதற்குப் பிறகு எங்களுக்குள் விளக்கம் தேவைப்படவில்லை. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக ஆக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அண்ணனின் பெரியப்பா குடும்பம் இந்தியக் கணக்கில் விழுந்தது, அவர் அப்பா இலங்கைக் கணக்கில். "எங்கள் ஆட்களைத் தலை எண்ணிப் பங்கு போட்டார்கள். உன்னிடம் தாள்தானே கேட்கிறார்கள், கொடுத்துவிட்டுப் போ" என்பார், நான் படிவத்தை வைத்துக்கொண்டு புலம்பும்போதெல்லாம்.

தாள்களின் வரிசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிரந்தர வசிப்புக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற புள்ளி முறை 2015 ஜனவரியில் தொடங்கியது. மொத்தம் 1200 புள்ளிகள். திருமணமாகாதவருக்கு வயதுக்காக 20 முதல் 29 வரை 110 புள்ளிகள். 30இல் 105, பிறகு ஆண்டுதோறும் இறங்கும். ஆங்கிலத் தேர்வு முடிவு இரண்டு ஆண்டுகளுக்கும், பட்டத்தின் சமமதிப்பீடு ஐந்து ஆண்டுகளுக்கும் செல்லும். மாகாண அரசு உங்களைத் தேர்ந்து பரிந்துரைத்தால் ஒரே அடியாக 600 கூடும். சமையல்காரனான எனக்கு அப்போது வேறு கதி இருக்கவில்லை. விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் எல்லாத் தாள்களையும் ஏற்றவேண்டும். ஆகவே அழைப்பு வரும் முன்பே தாள்களைத் தயாராக வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். தேக்கடி விடுதிகளின் பணிச்சான்றுகளை ஊரைவிட்டுக் கிளம்பும்போதே எழுதி வாங்கிக்கொண்டது எனக்கு உதவியது. என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன சம்பளம் என்று மூன்றும் அதில் இருக்கவேண்டும்; "நல்ல பையன், வாழ்த்துகள்" என்று முடியும் கடிதம் அங்கே செல்லாது.

குடும்ப விவரப் படிவம்தான் வீட்டை உலுக்கியது. அம்மாவின் பிறந்த தேதி என்ன? ஆதாரில் ஜனவரி 1. எஸ்டேட் பதிவில் வேறொரு ஆண்டு. பாட்டி சொன்னது, பெரிய மழையில் மண் சரிந்த வருஷம். பெயரும் ஒன்றாக இல்லை: ரேஷன் கார்டில் மலையாள எழுத்தில் ஒரு விதம், பி.எஃப். புத்தகத்தில் ஆங்கிலத்தில் இன்னொரு விதம், என் பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது. கேரளத்தில் இதற்கென்றே ஒரு சான்றிதழ் இருக்கிறது; இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைக் குறிப்பவை என்று வில்லேஜ் ஆபீஸ் எழுதித்தரும். தங்கை அக்ஷயா என்ற அரசு இணையச் சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டு வாங்கி அனுப்பினாள். மலையாளத் தாள்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். விண்ணப்பதாரரோ உறவினரோ மொழிபெயர்க்கக் கூடாது. இரண்டு மொழியும் தெரிந்த தங்கை வீட்டில் இருக்க, கோட்டயத்தில் ஒருவருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்தோம்.

அம்மாவிடம் எந்தத் தாள் கேட்டாலும் கிடைத்தது என்பதையும் சொல்லவேண்டும். தகரப் பெட்டியில், பிளாஸ்டிக் உறைக்குள், ரேஷன் கார்டுக்குக் கீழே எல்லாம் அடுக்காக இருக்கும். அதற்குக் காரணம் 2011 டிசம்பர். அணை விவகாரம் சூடேறி, குமுளி எல்லை அடைபட்டு, ஏலத்தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் பலர் காட்டுவழியாகத் தேனி மாவட்டத்துக்கு இறங்கிய நாட்கள் அவை. எங்கள் லயத்துக்கு யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டு மலையாளிச் சேட்டன் இரவெல்லாம் எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் அம்மா அந்த வாரம் பெட்டியைக் கட்டிவைத்தவர்தான், இன்றுவரை அவிழ்க்கவில்லை.

தாள்களைப் பத்திரப்படுத்த அதற்கும் முந்தைய காரணம் ஒன்று உண்டு. கேரளத்தில் பட்டியல் சாதிச் சான்று கேட்கும் தமிழ்க் குடும்பம், முன்னோர் 1950க்கு முன்பே அங்கே குடியிருந்ததைக் காட்டவேண்டும். தேவிகுளத்தின் அப்போதைய சட்டமன்ற உறுப்பினருடைய தேர்தலை, மதம் மாறியவரா என்பதோடு இந்தக் கேள்வியும் சேர்ந்து எழுந்த வழக்கில், 2023இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. பாட்டன் எந்த ஆண்டில் மலை ஏறினார் என்பதுவரை வழக்கு போனது. கனடா பத்து ஆண்டுகளோடு விட்டுவிடுகிறது. எங்களிடம் 1950வரை கேட்டிருக்கிறார்கள்.

படிவத்தில் என்னைச் சிரிக்கவைத்த கேள்வியும் உண்டு: எந்தெந்த அமைப்புகளில் உறுப்பினராக இருந்தாய்? அரசியல், மாணவர், தொழிற்சங்கம் எதையும் விடாமல் எழுதவேண்டும். எஸ்டேட்டில் பிறந்தவன் தொட்டிலிலேயே ஒரு சங்கத்தில் சேர்ந்துவிடுகிறான். அப்பா ஒரு கொடி, மாமா இன்னொரு கொடி; கல்லூரியில் நான் மூன்றாவது. ஹட்டன் அண்ணன், "எல்லாவற்றையும் எழுது. மறைத்தால்தான் பிடிப்பார்கள்" என்றார். எழுதினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

போலீஸ் சான்றுக்கு வண்டிப்பெரியாற்றுக் காவலர் லயத்துக்கே போய் விசாரித்தார். நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டதற்குப் பத்து வீட்டாரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னதாகத் தங்கை சொன்னாள். மருத்துவப் பரிசோதனை, கைரேகை எல்லாம் தொல்லையில்லாமல் முடிந்தன. 2024 ஏப்ரல் 30இல் உயர்த்திய கணக்கில் ஒருவருக்கான கட்டணம் அப்போது 1,525 டாலராக இருந்தது, கைரேகைக்குத் தனியாக 85. என் கையிலிருந்த பணம் இதோடு தீர்ந்தது.

பிறகு காத்திருப்பு. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லாரும் ஒரே மாதிரிதான் காத்திருக்கிறார்கள். நிரந்தர வசிப்புரிமைக்கான உறுதிச் சான்று வந்தது மின்னஞ்சலில். அன்று மாலை நேர வேலை இருந்தது. மேலாளர் ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னார். முடியாது என்றேன். அவர் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். அண்ணன் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "அட்டை வந்துவிட்டதா?" என்று கேட்டார். நிரந்தர வசிப்பு அட்டை வர இன்னும் நாள் இருந்தது. அட்டை ஐந்து ஆண்டுகளுக்கு. அந்த ஐந்தில் 730 நாட்கள் கனடாவில் இருந்தால் போதும். வேலை போனாலும், கடையே மூடினாலும், யாரும் வெளியே போ என்று சொல்லமுடியாது. எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு நிலை வாய்த்த முதல் ஆள் நான்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். "அங்கே பனியில் அதை வைத்துக்கொண்டு என்னப்பா செய்வாய்?" என்றார்.

அம்மாவுக்கு அடுத்த ஆண்டு ஓய்வு. தங்கை தோட்டத்தில் பெயர் கொடுக்கப் போவதில்லை. அவளுக்குக் குமுளியில் மருந்துக்கடை வேலை. ஆகவே ஐந்து சென்ட் இடம் பார்க்கிறோம். நான் இன்னும் இந்தியக் குடிமகன்தான். வெளிநாட்டில் வசிப்பவன் வீட்டுமனை வாங்கலாம், ஆனால் விவசாய நிலமோ தோட்டமோ வாங்கக் கூடாது என்பது அந்நியச் செலாவணி விதி. பீர்மேட்டில் சிக்கலில்லாத பட்டயம் (நம் பட்டா) உள்ள வீட்டுமனை கிடைப்பது அரிது. கம்பத்தில் கிடைக்கும், தங்கையின் ஓட்டு அதற்கு. பதிவுக்கு என் சார்பில் அவள் கையெழுத்திட அதிகாரப் பத்திரம் எழுதி, தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பவேண்டும். படிவத்தை இறக்கி வைத்திருக்கிறேன். அம்மாவுக்குக் கம்பத்து வெயில் ஆகாது. தங்கைக்கு மலையில் சொல்லும் விலை ஆகாது. வாரம் ஒருமுறை இரண்டு பேரும் எனக்குத் தனித்தனியாகப் போன் செய்கிறார்கள்.