22 படி

மே 2
நாட்பட்ட களைப்பு நோய் (எம்.இ./சி.எஃப்.எஸ்.) வந்ததிலிருந்து தினமும் எண்ணுகிறேன். காலை நாடித்துடிப்பு 68. கண் விழித்ததும் படுத்தபடியே எடுத்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டால் அந்தக் கணக்கு உதவாது.

மே 3
மொட்டைமாடிக் கொடியில் துணி. 22 படி. போகவில்லை.

மே 5
இன்று உடம்பு லேசாக இருக்கிறது. பயப்பட வேண்டியது இந்த மாதிரி நாளுக்குத்தான். பெருக்கி, துவைத்து, கடைக்கும் போய் வந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. களைப்பு 12 முதல் 48 மணி நேரம் கழித்து அடிக்கும். வியாழக்கிழமை விழுந்தால் செவ்வாய்க்கிழமை என்ன செய்தோம் என்று தேட வேண்டும். அதற்குத்தான் இந்த நோட்டு.

மே 7
படுக்கை. ஜன்னல் வெளிச்சம்கூட ஆகவில்லை.

மே 9
சக்திக்குப் பெரிய செலவு குளியல்தான். வெந்நீரில் ரத்தக்குழாய் விரியும், நிற்கும்போது ரத்தம் காலில் தேங்கும், இதயம் ஓட்டமாய் ஓடும். நின்று குளித்தால் துடிப்பு 118. முக்காலியில் உட்கார்ந்து, வெதுவெதுப்பான நீரில், 4 நிமிடத்தில் முடித்தால் 92. தலைக்குளியல் வேறு நாள். கையைத் தோளுக்கு மேல் தூக்கினாலே ஏறுகிறது. துவட்டிக்கொள்வதில்லை, துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்துவிட வேண்டும்.
துடிப்பு தாண்டக் கூடாத எல்லை 83: காலைத் துடிப்போடு 15 கூட்டியது. இன்னொரு கணக்கு, 220இல் வயதைக் கழித்து அதில் 60 சதவீதம். 38 வயதுக்கு 109. அது எனக்கு ரொம்பத் தாராளம். 92 எல்லையைத் தாண்டத்தான் தாண்டுகிறது, ஆனால் சீக்கிரம் இறங்கிவிடுகிறது.

மே 10
"தினம் கொஞ்சம் நடந்தா சரியாயிடும்." அத்தை மறுபடியும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரிலேயே, படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சி இந்த நோய்க்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "அப்போ உப்புப் போட்டு மோர் குடி" என்றார். அது சரிதான்! உப்பும் நீரும் ரத்தத்தின் அளவைக் கூட்டும், நிற்கும்போது தலை சுற்றுவது குறையும். எனக்கு அழுத்தம் 100/64, தாங்கும். ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது.

மே 12
இந்த நோய்க்கான விழிப்புணர்வு நாள். நைட்டிங்கேல் பிறந்த நாளும்கூட. கிரீமியப் போரிலிருந்து திரும்பியபின் பல வருடம் படுக்கையிலிருந்தே எழுதிக் குவித்தார். அவரை யாரும் மாடிக்குத் துணி எடுக்க அனுப்பியிருக்க மாட்டார்கள்.

மே 14
மாலை 5. ஏறினேன். 6 படிக்கு ஒருமுறை உட்கார்ந்து, 83க்கு இறங்கியபின் அடுத்த 6. அதிகபட்சம் 97. துணி மொடமொடவென்று காய்ந்து, சாயம் போய். வாளியில் கயிறு கட்டிக் கீழே இறக்கினேன்.

மே 15
மாலை 5. மாடி ஏறி 24 மணி நேரம். ஒன்றும் இல்லை.

மே 16
காலை 7. 38 மணி. நாடி 77. தொண்டை கரகரப்பு.