அடுத்த சீசனுக்கு ஆடலாமா மிஸ்?

திருகோணமலையில் இயன்மருத்துவராக இருக்கிறேன். முழங்கால் அடிபட்டு வருகிற பிள்ளைகள் வலியைப் பற்றிப் பேசுவார்கள். கெண்டைத் தசையைக் குதியெலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாண் அறுந்து தைத்துவிட்டு வருகிறவர்கள் நாள்காட்டியைப் பற்றித்தான் பேசுவார்கள். "எப்ப மிஸ் ஓடலாம்? அடுத்த சீசனுக்கு ஆடலாமா?" கால் இன்னும் பிளாஸ்டருக்குள் இருக்கும், மனம் மக்கெய்சர் மைதானத்தில் நிற்கும்.

அறுந்த கதை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பந்தை நோக்கிப் பாயும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருக்கும், திரும்பிப் பார்த்தால் ஆளிருக்காது. பெரும்பாலும் குதியெலும்புக்கு மேலே 2 முதல் 6 சென்ரிமீற்றருக்குள் அறும். அந்த இடத்தில் இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே ஆறுவதும் ஆறுதலாகத்தான்.

அவசரப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு, ஆனால் அது எங்கள் ஆட்கள் நினைக்கும் இடமில்லை. முந்தி ஆறு, எட்டுக் கிழமைக்குப் பாதத்தைக் கீழ்நோக்கி வளைத்துப் பிளாஸ்டர் போட்டு, கட்டிலில் இருத்திவிடுவார்கள். இப்போது சத்திரசிகிச்சை நிபுணர் சம்மதித்தால், காயம் மூடியதும், இரண்டு கிழமை அளவிலேயே குதியை உயர்த்திய பூட்ஸோடு காலை ஊன்ற விடுகிறோம். பாரம் பட்டால்தான் புதிதாக வளரும் நார்கள் இழுவிசையின் போக்கில் ஒழுங்குபடும், கெண்டைத் தசையும் அவ்வளவாக வற்றாது. இந்தத் தொடக்க நாட்களைத்தான் வீட்டில் வீணாக்குகிறார்கள். "காலைக் கீழ வைக்காத தம்பி, தையல் விட்டிடும்" என்று தாய் தலையணை அடுக்குவார். நானோ நடக்கச் சொல்லி அனுப்பியிருப்பேன்.

அந்தப் பூட்ஸை எல்லோராலும் வாங்க முடியாது. அப்படியானவர்களுக்கு, நிபுணரிடம் கேட்டுக்கொண்டு, பின்பக்கம் மட்டும் தாங்கும் பிளாஸ்டர் பட்டையும் உயர்த்திய சப்பாத்துமாகச் சமாளிக்கிறோம். தேய்ந்த றப்பர் செருப்பின் குதிப் பக்கத்தை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, முன்விளிம்பைக் கத்தியால் சரிவாகச் சீவினால் நல்ல குதி அட்டை. நாட்கள் போகப் போக ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். அப்போது மற்றக் காலுக்கும் உயரம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பு நோகிறது என்று வந்து நிற்பார்கள்.

அந்தக் கிழமைகளில் தைத்த கால் சும்மா இருந்தாலும் ஆள் சும்மா இருக்கத் தேவையில்லை. தொடை, இடுப்பு, வயிறு, மற்றக் கால் எல்லாவற்றுக்கும் பயிற்சி கொடுக்கலாம். சாப்பாட்டில்தான் சண்டை. இறால், நண்டு, முட்டை எல்லாம் கிரந்தி என்று ஒதுக்கிவிட்டு, கடற்கரை ஊரில் இருந்துகொண்டு பிள்ளைக்கு ரசமும் சோறும் கொடுப்பார்கள். ஒவ்வாமை இல்லாவிட்டால் மீனும் முட்டையும் தாராளமாகக் கொடுங்கள் என்பேன். சிகரெட்டை விடச் சொல்வேன். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி நொந்தாலோ மூச்சு முட்டினாலோ எனக்கு போன் எடுக்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது இரத்தக்கட்டியாக இருக்கலாம்.

எனக்கு உண்மையில் பயம் நடுப்பகுதியில்தான். பூட்ஸ் கழன்று, வலியும் போய், கால் சுகமாகிவிட்டது போல இருக்கும் இரண்டாம், மூன்றாம் மாதம். தசைநாண் மறுபடி அறும் ஆபத்தும் முதல் மூன்று மாதத்துக்குள்தான் கூடுதல். அறாவிட்டாலும் நீண்டுபோகலாம். இலாஸ்டிக் தளர்ந்த காற்சட்டை மாதிரி, இருக்கும், பிடிக்காது. நீண்டதைப் பயிற்சியால் திரும்பக் குறுக்க முடியாது. நிலத்தை உந்திப் பாயும் வலு அதோடு போய்விடும். அதனால்தான் அந்த மாதங்களில் யாராவது பாதத்தை மேலே மடக்கி எண்ணெய் போட்டு உருவினால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணற்றுத் தண்ணீரும் வார்த்தால் சுகம் என்று கூட்டிப்போகிறவர்களிடம், காயம் ஆறி வீக்கம் வற்றிய பிறகு போங்கள் என்று சொல்லிவிடுவேன். உருவ மட்டும் விடவேண்டாம்.

உப்புவெளிக் கடற்கரை மணலும் அப்படித்தான். இங்கே ஓடிப் பழகியவர்களுக்கு மணல்தான் உடற்பயிற்சிக் கூடம். ஆனால் மணலில் குதி புதைந்தால் தசைநாண் அளவுக்கு மீறி இழுபடும். கடல் பரவாயில்லை. வைகாசி முதல் ஆவணி வரை எங்கள் பக்கம் அலை குறைவு; இடுப்பளவு தண்ணீரில் நின்றால் உடம்பின் பாரம் பாதியாகிவிடும். காயம் நன்றாக மூடியபின், சப்பாத்தோடு இறங்கி, அங்கே நடக்கலாம்.

பெடியன்கள் போனைக் காட்டுவார்கள். "பெக்கம் ஆறு மாதத்தில வந்திட்டார் மிஸ்." உண்மைதான். உதைபந்தாட்ட வீரர் பெக்கத்துக்கு 2010 மார்ச்சில் அறுந்தது, உலகக்கிண்ணம் போனது, செப்டெம்பரில் மைதானத்துக்குத் திரும்பினார். நான் கூடைப்பந்து வீரர் கோபி பிறயன்ரைச் சொல்வேன். 2013 ஏப்ரலில் அறுந்து டிசம்பரில் திரும்பியவர், ஆறு ஆட்டத்தில் அதே காலின் முழங்கால் எலும்பு வெடித்து மறுபடி உட்கார்ந்தார். இரண்டுக்கும் தொடர்பு என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய பெரிய ஆட்களின் திகதி எங்கள் காலுக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

திகதிக்குப் பதிலாக நான் பார்ப்பது ஒற்றைக்காலில் குதி உயர்த்துவதை. நல்ல காலில் எவ்வளவு உயர்கிறது என்று சுவரில் சோக்கால் கோடு போடுவேன். தைத்த காலும் அந்தக் கோட்டைத் தொட வேண்டும், முழங்கால் மடங்காமல், திரும்பத் திரும்ப. முதலில் எல்லோரும் உடம்பை முன்னுக்குச் சாய்த்து ஏமாற்றப் பார்ப்பார்கள். எண்ணிக்கை வந்துவிடும், உயரம் வராது. உயரம் வந்தபின்தான் ஓட்டம், அப்புறம் பாய்ச்சல், கடைசியில் திரும்பி வெட்டி ஓடுவது. ஆறு மாதத்துக்கு முன் ஆட்டத்துக்கு விட எனக்கு மனம் வராது; ஒன்பது, பன்னிரண்டு மாதம் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆடத் தொடங்கினாலும் அந்தக் காலில் பலக் குறைவு ஒரு வருடம் தாண்டியும் இருக்கும். குதி உயர்த்தும் பயிற்சியை விடக்கூடாது. பெரும்பாலானோர் முதல் மட்ச்சோடு விட்டுவிடுகிறார்கள், தனியாக நின்று செய்ய வெட்கம். அதனால் இப்போதெல்லாம் கோச்மாரிடம் பேசி, முழு அணிக்கும் வோர்ம் அப்பில் அதைச் சேர்த்துவிடச் சொல்கிறேன்.