வீட்டில் வைத்துப் படிப்பிக்கலாமா? சட்டம் கேட்பது என்ன?

இலங்கையில் பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிப்பது குற்றம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1939 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகள், 5 முதல் 16 வயது வரையான பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பச் சொல்கின்றன. 2016க்கு முன் மேல் வயது 14. ஆனால் பிள்ளையின் கல்விக்குப் போதுமான, பொருத்தமான வேறு ஏற்பாட்டைப் பெற்றோர் செய்திருந்தால் விலக்கு உண்டு என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது.

போதுமானது என்றால் எத்தனை மணித்தியாலம், எந்தெந்தப் பாடம் என்று அந்த வசனம் சொல்லவில்லை. சிக்கல் அங்கேதான். கிராம உத்தியோகத்தரோ பாடசாலை வரவுக் குழுவோ வாசலில் வந்து கேட்டால், "வீட்டில படிக்கிறான்" என்ற வாய்ப்பேச்சு எடுபடாது. கையில் கொப்பி இருக்கவேண்டும். "திங்கள், பின்னங்கள், 40 நிமிடம், 6 கணக்கில் 2 பிழை" என்று திகதியோடு எழுதிய ஒரு வரி போதும். புறாமலைப் பவளப்பாறை பற்றிப் பிள்ளை எழுதிய ஒரு பக்கம், திருத்திய சிவப்பு மையோடு அப்படியே இருக்கட்டும். அழகாகப் பிரதி எடுத்தால் அது சான்றாகாது.

பாடசாலையை விட்டு நிறுத்துகிறீர்கள் என்றால் விடுகைப் பத்திரத்தை முதலில் வாங்குங்கள். திரும்பச் சேர்க்கும்போது அதைத்தான் கேட்பார்கள். உங்கள் ஏற்பாட்டை விளக்கி வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டு, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். திருகோணமலை மாவட்டத்தில் மூதூர், கிண்ணியா, கந்தளாய்க்காரருக்குத் தனித்தனிக் கல்வி வலயம். எல்லாவற்றையும் திருகோணமலை நகருக்கு அனுப்பாதீர்கள். இலவசப் பாடநூல் பாடசாலை வழியாகத்தான் கிடைக்கும், ஆனாலும் கல்வி வெளியீட்டுத் திணைக்கள இணையத்தளத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

பலர் தடுக்கி விழுவது க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில். பிள்ளை தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றவேண்டும், அதற்கு அடையாள அட்டை வேண்டும். பாடசாலைப் பிள்ளைக்கு அதிபர் விண்ணப்பத்தை அனுப்பிவிடுவார். உங்கள் பிள்ளைக்கு நீங்கள்தான் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் அலையவேண்டும். படமும் பதிவுசெய்த ஸ்டூடியோவில்தான் எடுக்கவேண்டும். 15 வயது நிரம்பிய கிழமையே தொடங்குங்கள். பரீட்சை விண்ணப்பம் கோரிய பிறகு ஓடினால், பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலே அந்த வருடம் கைவிட்டுப் போகும்.