டுப்னோ 1941: பழுதுக் கவுண்டரைச் சாலையிலேயே விட்ட பிறகு ஆட்டம் சரியானது

1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தைத் தாக்கியபோது உக்ரைனின் டுப்னோ, ப்ரோடி ஊர்களைச் சுற்றி நடந்த டாங்கிப் போரை, அறுகோணக் கட்ட வரைபடத்தில் அட்டைக் கவுண்டர்களை நகர்த்தி ஆடும் பலகை விளையாட்டாக வடிவமைத்துவருகிறேன். நான்காவது சோதனை ஆட்டத்தில் சோவியத்தின் 8வது இயந்திரமயக் கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த டாங்கிப் படை) ப்ரோடி வந்து சேர்ந்தபோது, அதன் 18 பலப் படிகளில் (படைபலத்தை எண்ணும் அலகு) 10தான் மிச்சம். இந்த விகிதத்துக்காகத்தான் இத்தனை ஆட்டங்கள்! 1941 ஜூன் 22 முதல் 26 வரை தளபதி ரியாபிஷெவின் இந்தக் கோர் முன்னும் பின்னும் அலைக்கழிக்கப்பட்டு ஏறக்குறைய 500 கி.மீ. ஓடியது. அதன் டாங்கிகளில் பாதியளவு, சண்டைக்கு முன்பே வழியில் நின்றுவிட்டன.

முதல் மூன்று ஆட்டங்களும் வீண். முதலாவதிலும் மூன்றாவதிலும் ஜெர்மனியின் 11வது பான்ஸர் (டாங்கி) டிவிஷன் டுப்னோவைத் தொடவே இல்லை. டாங்கி எண்ணிக்கையை அப்படியே கவுண்டரில் அச்சிட்டால் வேறென்ன நடக்கும்? சோவியத் தென்மேற்கு முனையின் எட்டு இயந்திரமயக் கோர்களில் 4,000க்கும் மேற்பட்ட டாங்கிகள். ஜெர்மன் தளபதி க்ளைஸ்டின் முதல் பான்ஸர் குழுவில் சுமார் 750.

சோவியத் படை தயாராக இல்லை என்பதைப் போர் எண்ணை (கவுண்டரில் உள்ள சண்டை வலிமை) குறைத்துக் காட்டுவதுதான் பலரும் எடுக்கும் குறுக்குவழி. இரண்டாவது ஆட்டத்தில் கேவி, டி-34 என்ற புதிய சோவியத் டாங்கிகள் இரண்டையும் 4இலிருந்து 2 ஆக்கியதும் முடிவு சரியாக வந்தது, ஆனால் காரணம் பொய். ஜெர்மனியரின் 37 மி.மீ. பீரங்கியால் கேவியின் கவசத்தை எதுவும் செய்ய முடியவில்லை. லித்துவேனியாவின் ரசெய்னியாயில் ஒற்றை கேவி ஒரு சாலையை ஒரு நாளுக்கு மேல் அடைத்து நின்றது. அந்த டாங்கிக்கு 2 போடுவது அநியாயம். இப்போது இரண்டும் மறுபடி 4.

குறை சாலையில் இருக்கிறது. 1940இல் சோவியத் படையில் ஒன்பது இயந்திரமயக் கோர்கள் அமைத்தார்கள். அவை நிறைவதற்குள் 1941 தொடக்கத்தில் இன்னும் இருபதுக்கு உத்தரவு. ஒரு கோருக்கு 1,031 டாங்கிகள் என்பது காகிதக் கணக்கு. ஜூன் மத்தியில் பழைய வகை டாங்கிகளில் 29 சதவீதம் முழுச் சீரமைப்புக்கும், 44 சதவீதம் நடுத்தரப் பழுதுபார்ப்புக்கும் காத்திருந்தன. உதிரி பாகம் இல்லை, இழுத்துவர டிராக்டர் போதவில்லை.

இனி பகடைக் கணக்கு. இதில்தான் அதிக நேரம் போனது. 50 கி.மீ.க்கு (வரைபடத்தில் 10 அறுகோணம்) ஒரு வீச்சு, 1 விழுந்தால் பழுது என்று வைத்தால், 500 கி.மீ.யில் பத்து வீச்சு; மிஞ்சுவது 16 சதவீதம். படை அழிந்தே போகிறது. அதையே 100 கி.மீ.க்கு ஒன்றாக்கினால் 40. இரண்டு பகடை உருட்டி 2, 3, 12 விழுந்தால் பழுது என்று வைத்து, 100 கி.மீ.க்கு ஒரு வீச்சு: 55 சதவீதம். இதுவே இறுதி. பழைய டி-26க்கும் டி-34க்கும் தனித்தனி அட்டவணை போட்டுப் பார்த்து எடுத்துவிட்டேன். ஒன்று தேய்ந்துபோனது, மற்றொன்று புதிது, ஆனால் கியர்பாக்ஸும் காற்று வடிகட்டியும் தொல்லை, ஓட்டுநருக்கோ பழக்கம் போதாது. காரணம் வேறு, விளைவு ஒன்று. 34வது டிவிஷனின் டி-35களுக்கு மட்டும் தனி விதி: 7 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் பழுது. ஐந்து வீச்சுக்குப் பிறகு நூற்றுக்கு ஒன்றுதான் தேறும். அந்த ஐந்து கோபுர டாங்கிகள் பெரும்பாலும் சண்டையில் அல்ல, பழுதாகித்தான் தொலைந்தன.

பகடையைவிட முக்கியமானது, பழுதான டாங்கிகளைக் குறிக்கும் பழுதுக் கவுண்டர் எங்கே போகிறது என்பது. முன்பு வரைபடத்துக்கு வெளியே ஒரு பெட்டியில் வைத்தேன். இரண்டு சுற்றில் எல்லாம் திரும்பிவந்துவிட்டன. இப்போது நின்ற அறுகோணத்திலேயே கிடக்க வேண்டும். பட்டறைக் கவுண்டர் அங்கே வந்து ஒரு சுற்று நின்றால்தான் மீட்பு. எதிரி அந்த அறுகோணத்தைக் கடந்தால் நிரந்தர இழப்பு. ஜெர்மானிய டாங்கிகளுக்கும் இதே வீச்சுதான், சலுகை ஏதும் இல்லை. முன்னேறுகிறவனுக்குப் பழுதான டாங்கி பின்னால் பத்திரமாக இருக்கிறது, பின்வாங்குகிறவனுக்கு இல்லை. இந்த ஒரு விதி சேர்ந்ததும் மற்ற பல விதிகள் தேவையற்றுப் போயின.

தொடர்பு விதி சுருக்கமானது: ஒரு கோரின் டிவிஷன்களுக்குத் தனித்தனிச் சீட்டு, பையிலிருந்து வந்த வரிசையில் நகர்வு. ரேடியோ பெரும்பாலும் தளபதி டாங்கிகளில் மட்டும், மற்றதெல்லாம் அறுபடும் தந்திக்கம்பி என்ற நிலைக்கு இது போதும். 22ஆம் தேதி காலைச் சுற்றில் சோவியத் நகர்வே கிடையாது. 9வது கோரின் மோட்டார் காலாட்படைக்கு லாரி இல்லாததால் நடை வேகம், 15வதின் 212வது டிவிஷனுக்கும் அப்படியே. 41வது டிவிஷனின் 31 கேவி-2களுக்கு 152 மி.மீ. குண்டே வரவில்லை, அந்தக் கவுண்டரில் தாக்குதல் எண் 0, தற்காப்பு 3.

கவுண்டர் வெட்டுவது பற்றி. 2 மி.மீ. பைண்டிங் அட்டையில் தண்ணீர் கலந்த பசை போட்டால் மறுநாள் அப்பளமாக வளைகிறது. ஸ்டிக்கர் தாளில் அச்சிட்டு ஒட்டி, ஒரு நாள் கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்தால் நேராக இருக்கும். இரும்பு ஸ்கேல், ஐந்தாறு மெல்லிய கீறல், தாளுக்கு ஒரு புது பிளேடு. அழுத்தி ஒரே கீறலில் வெட்டினால் அடி விளிம்பு சரிந்து 15 மி.மீ. கவுண்டர் 16 ஆகிவிடும், அடுக்கினால் சாயும். பைண்டிங் கடையில் வெட்டுத் துண்டுகளைக் கேட்டு வாங்கினால் முழுத் தாளைவிட மலிவு. ஓரம் ஈரப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவுண்டர்களின் பின்பக்கம் இன்னும் அச்சாகவில்லை. மூலைகளில் ஊசி குத்தி ஒத்துவைத்தும் அரை மி.மீ. நகர்கிறது. அது முடிவதற்குள் ரசெய்னியாய் வரைபடத்துக்கு துபிஸா ஆற்றை வரையத் தொடங்கிவிட்டேன். அங்கே அறுகோணம் 2 கி.மீ., ஒற்றை கேவிக்குத் தனிக் கவுண்டர்.