அன்று இரவு யார் வருவார்?

முதல் சந்திப்பில் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எனக்கு வலி வரும்போது உங்கள்ல யாருங்க இருப்பீங்க?"

எதிரே இருந்த மருத்துவச்சி சுற்றி வளைக்கவில்லை. "நாங்க நாலு பேரும்மா. அதுல ஒருத்தர் கண்டிப்பா இருப்போம். யாருன்னு இப்பவே சொன்னா அது பொய்யாயிடும்."

அந்த பதில் அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு முந்தைய வருடம் பதினோராவது வாரத்தில் எனக்குக் கரு கலைந்திருந்தது. அப்போது ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு புது முகம். ஸ்கேன் பார்த்தவர் ஒருவர், செய்தி சொன்னவர் வேறொருவர், மறுநாள் ரத்தப்போக்கைப் பற்றிக் கேட்டவர் இன்னொருவர். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அந்த மூன்று நாளில் என்னை முழுசாகத் தெரிந்தவர் என்று ஒருவர்கூட இல்லை. இந்த முறை ஒரே ஆள் முதலிலிருந்து கடைசிவரை வர வேண்டும் என்றுதான் மருத்துவச்சிகளைத் தேடிப் போனேன். கிடைத்தது நால்வர் அணி.

முறை இரண்டு உண்டு. ஒன்றில் உங்களுக்கென்று ஒரு மருத்துவச்சி இருப்பார். அவர் வர முடியாத நேரத்துக்கு மட்டும் மாற்று ஆள். இன்னொன்று எனக்குக் கிடைத்தது: சிறிய அணி, மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள், பிரசவத்துக்கு முன் நால்வரையும் நீங்கள் ஒரு முறையாவது சந்தித்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சிக்கல் எதாவது வந்தால் பின்னால் மகப்பேறு மருத்துவர் இருப்பார். பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2016-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வைக் கணவர் எடுத்துப் படித்தார். 15 ஆய்வுகள், 17,674 பெண்கள். மருத்துவச்சிகளின் தொடர் கவனிப்பில் இருந்தவர்களுக்கு முதுகில் ஊசி போட்டு வலியை மரக்கச் செய்வதும், கருவி வைத்துக் குழந்தையை எடுப்பதும் குறைவாக இருந்தன. ஒற்றை ஆள் முறை, அணி முறை இரண்டும் அந்த ஆய்வுகளில் அடக்கம். அதைக் கேட்ட பிறகுதான் சரி என்றேன். மனது முழுதாக ஒப்பவில்லை.

ஒப்பாததற்கு ஏற்றாற்போல் ஆரம்பமும் அமைந்தது. முதல் மருத்துவச்சி, "இதுதான் முதல் தடவையா?" என்று கேட்டார். சொன்னேன். அடுத்த முறை இரண்டாமவர், அதே கேள்வி. மறுபடி சொன்னேன். மூன்றாம் முறை மூன்றாமவர் கோப்பைத் திறந்து, "தலைப்பிரசவமா?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "எத்தனை தடவைதான் சொல்றது?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். கோப்பின் உள்ளே எங்கோ ஒரு கட்டத்தில் அந்த விவரம் இருக்கத்தான் செய்தது. கண்ணில் படும் இடத்தில் இல்லை. "தப்பு எங்க மேலதான்" என்றார். பிறகு முதல் பக்கத்தின் மேல் ஓரத்தில், என்னிடம் கேட்டுக் கேட்டு, பெரிய எழுத்தில் எழுதினார்: 'முன்பு ஒரு கரு 11 வாரத்தில் கலைந்தது. அவராகப் பேசினால் மட்டும் பேசவும். பரிசோதனை அறையில் முதலில் இதயத் துடிப்பைக் கேட்க வைக்கவும், மற்றதெல்லாம் பிறகு.'

அந்தக் கடைசி வரியை நான் சொல்லவில்லை. வந்து உட்கார்ந்ததிலிருந்தே என் உடம்பு விறைத்துக் கிடந்ததை அவரே பார்த்து எழுதியது. அதற்குப் பிறகு யார் பார்த்தாலும் துடிப்பைக் கேட்க வைக்கும் டாப்ளர் கருவிதான் முதலில். பிபி, எடை, சிறுநீர் எல்லாம் அதன் பிறகே. ஓர் அணி என்னைத் தெரிந்துவைத்திருக்க முடியும் என்று எனக்கு நம்பிக்கை வரத் தொடங்கியது அந்த மூன்று வரியில்தான்.

வயிறு பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த மாதங்களில் நான் ஆவலோடு எதிர்பார்த்தது அதைத்தான். முதலில் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார்கள். மேல்வயிற்றில் கைவைத்து அங்கே இருப்பது தலையா, பிட்டமா என்று பார்ப்பார்கள். பிறகு இரு பக்கமும் தடவுவார்கள். ஒரு பக்கம் பலகைபோல வழுவழுப்பாக இருந்தால் அது முதுகு. மேடும் பள்ளமுமாக இருந்தால் கை கால். கடைசியாக அடிவயிற்றில், தலை இறங்கியிருக்கிறதா என்று. முப்பத்திரண்டாவது வாரத்தில் மூன்றாமவர் என் கையை எடுத்து இடது பக்கம் வைத்து, மெதுவாக அழுத்தச் சொன்னார். "இது முதுகு. இதோ, இங்க வளையுது பாருங்க, இது பிட்டம்." ஸ்கேன் திரையில் எத்தனையோ முறை பார்த்த குழந்தைதான். என் கைக்கு அது கிடைத்தது அன்றுதான்.

நாடாவால் அளக்கும்போது எண் இருக்கும் பக்கத்தை வயிற்றை நோக்கித் திருப்பிப் போடுவார்கள். முன்பக்க இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் கர்ப்பப்பையின் உச்சிக்கும் இடையே பிடித்து, விரலால் குறித்துக்கொண்டு, பிறகுதான் திருப்பிப் படிப்பார்கள். எண்ணை முன்கூட்டியே பார்த்தால், எதிர்பார்த்த அளவுக்குக் கை தானாகப் போய்விடுமாம். 28 வாரத்தில் கிட்டத்தட்ட 28 செ.மீ., இரண்டு கூடலாம், குறையலாம். நால்வரும் அப்படியே செய்தார்கள். நாலு பேர் கை மாறினாலும் அளவு மாறாமல் இருக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கு இருந்த அக்கறை எனக்குப் பிடித்திருந்தது.

பேச்சு மட்டும் ஒரு முறை மாறியது. குழந்தையின் அசைவை எண்ணிப் பத்து வருகிறதா என்று பார்க்கச் சொன்னார் ஒருவர். எண்ண வேண்டாம், உங்கள் குழந்தையின் வழக்கம் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள் என்றார் இன்னொருவர். இரண்டு நாள் தூக்கமில்லை. இரண்டையும் தேதி போட்டுத் தாளில் எழுதிக்கொண்டு போய், "எது சரி?" என்று நீட்டினேன். அவர்கள் தங்களுக்குள் பேசி ஒரே பதிலாகத் தந்தார்கள்: எண்ணிக்கை முக்கியமில்லை, வழக்கத்தைவிட அசைவு குறைந்தால் அல்லது மாறினால் உடனே கூப்பிட வேண்டும், நடு ராத்திரியானாலும் சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

அணியோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். யார், என்று, என்ன சொன்னார் என்று எழுதுங்கள். முரண்பாடு வந்தால் மனசுக்குள் போட்டு உருட்டாமல் நேராகக் கேளுங்கள். குறை சொல்வதாக அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. இரவு கூப்பிட வேண்டிய எண் எது, எடுப்பது அணியில் ஒருவரா இல்லை வேறு யாருமா, எந்தக் கட்டத்தில் மருத்துவரை அழைப்பார்கள், அழைத்த பிறகு மருத்துவச்சி கூடவே இருப்பாரா, இவற்றையும் முதல் மாதமே கேட்டுவிடுங்கள். கடைசிக் கேள்வியை நான் முப்பத்தாறாவது வாரத்தில்தான் கேட்டேன். இன்னும் முன்பே கேட்டிருந்தால் பல இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அந்த வாரம்தான் என் விருப்பங்களை ஒரே பக்கத்தில் எழுதினோம். தொடுவதற்கு முன் சொல்ல வேண்டும். "இன்னும் கொஞ்சம்தான்" என்று உண்மையாக இருந்தால் மட்டும் சொல்ல வேண்டும். தொப்புள் கொடியை அவசரமாக வெட்டக் கூடாது. முதலாமவர் படித்துவிட்டு, "எல்லாம் நல்லபடியா நடந்தா என்ன வேணும்னு எழுதிட்டீங்க. மாறிப்போனா என்ன வேணும்?" என்றார். எனக்கு அதை நினைக்கவே பயம். அவர் அவசரப்படுத்தவில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்து கீழ்ப் பாதியை நிரப்பினோம்: மருத்துவர் வந்தால் காரணத்தை என்னிடம் நேராகச் சொல்ல வேண்டும், சிசேரியன் என்றால் கணவர் உள்ளே இருக்க வேண்டும், முடிந்தவரை சீக்கிரம் குழந்தையை என் நெஞ்சில் வைக்க வேண்டும்.

39 வாரமும் நான்கு நாளும் ஆனபோது காலையில் வலி பிடித்தது. ஃபோனில் மூன்றாமவர். நான் பேசிக்கொண்டே இருக்க, வலி வரும் நேரத்தில் என் பேச்சு எப்படிப் போகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னும் பேச முடியுது. பேச்சு நிக்கிற நேரம் கூப்பிடுங்க." மதியத்துக்கு மேல் பேச்சு நின்றது. போனோம். மூன்றரை மணிக்குக் கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. விரிந்திருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டல்படி அங்கிருந்துதான் தீவிர வலிக் கட்டம் தொடங்குகிறது. மணிக்கு ஒரு செ.மீ. என்ற பழைய கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது என்றும் அதில் இருக்கிறது. அவர் அதை முன்பே சொல்லியிருந்ததால் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

ஏழரைக்கு 7 செ.மீ. எட்டு மணிக்கு அவர் பணி நேரம் முடிந்தது. காலை எட்டிலிருந்து நிற்கிறார்.

நான் பயந்துகொண்டிருந்தது கடைசியில் நடந்தேவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, போகாதீங்க என்று அழுதேன். உள்ளே வந்த நான்காமவரை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன், முப்பத்துநாலாவது வாரத்தில், அதுவும் இருபது நிமிடம். அவர்கள் வெளியே போய்ப் பேசவில்லை. என் கட்டிலருகிலேயே நின்று, ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையில், ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டார். எத்தனை விரிந்தது, குழந்தையின் துடிப்பு எப்படி, எந்தப் பக்கம் படுத்தால் எனக்குத் தாங்கவில்லை, முதுகில் எந்த இடத்தில் அழுத்தினால் ஆறுதல், முதல் பக்கத்தில் எழுதியிருப்பது என்ன. பிறகு மூன்றாமவர் என் பக்கம் திரும்பி, "நான் எதாவது விட்டுட்டேனாம்மா?" என்று கேட்டார். என்னால் தலையாட்டத்தான் முடிந்தது. ஒன்றும் விடவில்லை.

நான்காமவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவில்லை. எனக்குப் பின்னால் வந்து, அதே இடத்தில், உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தினார். நாலைந்து வலி போன பிறகுதான் முதல் வார்த்தை: "இவ்வளவு போதுமா, இன்னும் வேணுமா?"

பதினொன்றரைக்கும் 7 செ.மீ.தான். நான்கு மணி நேரத்தில் துளி முன்னேற்றமில்லை. அவர் மருத்துவரை அழைத்தார். மருத்துவர் என் முகத்துக்கு நேரே குனிந்து, பனிக்குடத்தை உடைத்து, சொட்டு மருந்தில் வலியைக் கூட்டலாம் என்றும், மருந்து ஏறுவதால் குழந்தையின் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னார். என் விருப்பங்கள் எழுதிய பக்கத்தின் கீழ்ப் பாதியை அவரிடம் நான்காமவர் ஏற்கெனவே காட்டியிருந்தார். பயந்தேன், ஆனால் என்னைக் கேட்காமல் ஒன்றும் நடக்கவில்லை. சொட்டு மருந்து ஏறிய பின் வலி வேறு மாதிரி ஆனது. அந்த மூன்று மணி நேரத்தில் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவு.

மூன்றே முக்காலுக்கு முழுதாக விரிந்தது. முக்க வேண்டும் என்று உடம்பே சொன்னது. தலை தெரிந்ததும் நான்காமவர் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அடியில் ஒத்திப் பிடித்துக்கொண்டு, "இப்ப முக்காதீங்க, ஊதுங்க, மெழுகுவத்தியை அணைக்கிற மாதிரி" என்றார். ஊதினேன். 5.05-க்கு மகள் என் நெஞ்சில் கிடந்தாள், வழுக்கலும் சூடுமாக. கொடியைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார், துடித்துக்கொண்டிருந்தது. அது அடங்கி வெளுத்த பிறகே கணவர் வெட்டினார். தொடையில் ஓர் ஊசி, நஞ்சுக்கொடி வந்தது, தட்டில் விரித்து முழுதாக இருக்கிறதா என்று சரிபார்த்தார். பார்க்கிறீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் என்னிடம் காட்டினார். குழந்தை இருந்த பக்கத்தில் ரத்தக் குழாய்கள் அடிமரத்திலிருந்து கிளை பிரிவதுபோல் ஓடின. அடியில் தோலோடு தசையும் கிழிந்த இரண்டாம் நிலைக் கிழிசல், மரத்துப்போக ஊசி போட்டுத் தையல்.

பிறகு வந்த நாட்களில் நால்வரும் மாறி மாறி வந்தார்கள். மூன்றாம் நாள் மார்பு கல்லாகிக் கட்டி, குழந்தை வாய் வைக்க முடியாமல் அலறியபோது வந்தவர் இரண்டாமவர். காம்பைச் சுற்றி விரலால் மெல்ல அழுத்தி மென்மையாக்கி, வாயை அகலத் திறக்க வைத்துப் பிடிக்கக் காட்டிக்கொடுத்தார். பிறக்கும்போது 3.1 கிலோ இருந்தவள் 2.9-க்கு இறங்கி, பன்னிரண்டாம் நாள் பழைய எடைக்கு வந்தாள். மூன்றாமவர் வந்த அன்று, தான் போன பிறகு நடந்ததை முழுக்க என் வாயால் சொல்லச் சொல்லிக் கேட்டார். பாதியில் இருவரும் அழுதோம்.

ஆறாவது வாரம் விடைபெறும்போது கோப்பின் நகல் கேட்டு வாங்கினேன். பிரசவ இரவின் பக்கங்களில் பெரும்பாலும் எண்கள்தான்: துடிப்பு, பிபி, செ.மீ., சொட்டு மருந்தின் அளவு. இடையில் நான்காமவரின் கையெழுத்தில் ஒரு வரி: 'இரவு 8.10 முதல் 11.30 வரை: ஒவ்வொரு வலிக்கும் முதுகில் அழுத்தம். கூடவே இருந்தேன்.'