முதல் கோடு போடும் முன் பக்க அளவைப் பாருங்கள்

டிஜிட்டல் ஓவியம் கற்கத் தொடங்கிய முதல் நான்கு மாதங்களில் நான் வரைந்ததைவிட இணையத்திலிருந்து பிரஷ் (மென்பொருளில் தூரிகையாகப் பயன்படும் கருவி) இறக்கியதுதான் அதிகம். வாட்டர்கலர், கரி, மேகம், முடி, இலை என்று முந்நூறுக்கு மேல் சேர்ந்துவிட்டன. எட்டுப் பக்கக் காமிக்ஸ் ஒன்றை முடித்தபோது கணக்குப் பார்த்தேன். உதவியவை மூன்றுதான்: கோட்டுக்கு ஒன்று, வண்ணம் பூச ஒன்று, ஓரங்களைக் கரைக்க ஒன்று. மற்றதெல்லாம் வரையாமல் தள்ளிப்போட நானே தேடிக்கொண்ட சாக்கு.

ஆனால் அந்த எட்டுப் பக்கங்களையும் மறுபடி வரைய வேண்டி வந்ததற்கு பிரஷ் காரணமில்லை. பக்க அளவுதான் காரணம். கேன்வாஸ், அதாவது வரைவதற்கான வெற்றுப் பக்கம், திறக்கும்போது அகலம் 1000 பிக்ஸல் (படத்தை ஆக்கும் சிறு புள்ளிகள்) என்று வைத்திருந்தேன். திரையில் பளிச்சென்று இருந்தது. ஆசையாக ஏ4 தாளில் அச்செடுத்துப் பார்த்தால் கோடுகளெல்லாம் கசங்கிப்போன மாதிரி மங்கலாக இருந்தன. அச்சுக்குப் பொதுவாக அங்குலத்துக்கு 300 பிக்ஸல் வேண்டும். 1000ஐ 300ஆல் வகுத்தால் மூன்றேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். ஏ4 தாளின் அகலமோ எட்டேகால். முழுப் பக்கத்துக்கு 2480க்கு 3508 பிக்ஸல் தேவை. பெரிய படத்தைச் சுருக்கலாம். சின்னப் படத்தைப் பெரிதாக்கினால், அதில் இல்லாத விவரத்தை மென்பொருள் ஊகித்துத்தான் நிரப்பும்.

அதற்காக எடுத்த எடுப்பில் அங்குலத்துக்கு 600 பிக்ஸல் வைத்துவிடாதீர்கள். கறுப்பு வெள்ளைக் கோட்டோவியத்துக்கு அது நல்லதுதான். ஆனால் அந்த அளவில் ஏ4 வண்ணப் பக்கத்தின் ஒரு முழு லேயரே (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் மாதிரி) நினைவகத்தில் 140 எம்பி அளவுக்கு இடம் பிடிக்கும். இருபது லேயர் போட்டால் சாதாரணக் கணினி மூச்சு வாங்கும். அப்புறம், அச்சுக்குப் போகும் பக்கமென்றால் வெட்டுவதற்காக நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக வரைந்துவிடுங்கள்.

எந்த மென்பொருள் என்று கேட்பவர்களுக்கு என் பதில் சின்னது. ஓவியத்துக்கும் காமிக்ஸுக்கும் கிரிட்டா, புகைப்படத் திருத்தத்துக்கு கிம்ப், லோகோ மாதிரி வடிவமைப்புக்கு இங்க்ஸ்கேப். மூன்றும் இலவசம். பேனல் (காட்சிக் கட்டம்) பிரிப்பது, வசனத்துக்கு பலூன் போடுவது எல்லாம் கைக்கு வாகாக வேண்டுமானால் கிளிப் ஸ்டூடியோ பெயின்ட். அதற்குக் காசு கொடுக்க வேண்டும். எதை எடுத்தாலும் ஆறு மாதம் மாற்றாமல் இருங்கள். ஆனால் வேலைக்குப் பொருந்தாததை எடுக்காதீர்கள்: நான் லோகோவை கிரிட்டாவில் பிக்ஸலாக வரைந்து, பெரிதாக்கக் கேட்டபோது முழித்திருக்கிறேன். இங்க்ஸ்கேப் வரையும் வெக்டர் முறையில் கோடு புள்ளிகளாக இல்லாமல் கணிதச் சூத்திரமாகச் சேமிக்கப்படுவதால் எவ்வளவு இழுத்தாலும் உடையாது.

கணினியோடு இணைத்துப் பேனாவால் வரையும் திரையில்லாத டேப்லெட் வாங்கியவர்கள் முதல் இரண்டு வாரம் மனம் தளராதீர்கள். கை ஓரிடம், கண் ஓரிடம், பழகத்தான் வேண்டும். ஆனால் ஒன்றைச் சரிபாருங்கள்: டேப்லெட் பரப்பின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் பொருந்தவில்லையென்றால் நீங்கள் போடும் வட்டம் முட்டையாகத்தான் விழும். ஒரு மாதம் என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், டேப்லெட்டின் டிரைவர் மென்பொருள் அமைப்பில் ஒரு டிக் போட்டதும் சரியாகிவிட்டது. கோடு நடுங்கினால், நடுக்கத்தைச் சமன்படுத்தும் ஸ்டெபிலைசரை அளவோடு வையுங்கள். அதிகம் கூட்டினால் கோடு பேனாவுக்குப் பின்னால் இழுபட்டு வரும், உயிரிருக்காது. மணிக்கட்டை விட்டுத் தோளிலிருந்து வேகமாக இழுப்பதே நல்ல மருந்து. கிரிட்டாவில் எம் விசையைத் தட்டினால் படம் இடவலம் மாறித் தெரியும். முகம் கோணலாக இருப்பது அப்போதுதான் கண்ணில் படும். கொஞ்சம் அவமானமாகக்கூட இருக்கும்.

லேயர் விஷயத்தில் என் வரிசை இதுதான். அடியில் நீல நிறத்தில் மங்கலான ஸ்கெட்ச், மேலே இங்க் (இறுதிக் கோடு), இரண்டுக்கும் நடுவே தட்டை வண்ணம் (நிழலில்லாத ஒரே சீரான நிறம்), தட்டை வண்ணத்துக்கு மேல் மல்டிப்ளை முறையில் நிழல். மல்டிப்ளை என்பது பெயர் சொல்லும் வேலையைத்தான் செய்கிறது. இரு லேயர்களின் நிற மதிப்பையும் 0 முதல் 1 வரையிலான எண்களாக எடுத்துப் பெருக்குகிறது. வெள்ளை 1 என்பதால் எதையும் மாற்றாது. வேறு எந்த நிறமும் கீழே இருப்பதை இருட்டாக்கும். இது புரிந்த பிறகு ஸ்கேன் செய்த பென்சில் படத்தின் வெள்ளையை அழிக்க நான் மெனக்கெடவே இல்லை. அந்த லேயரை மல்டிப்ளை ஆக்கினால் வெள்ளை தானாக மறைந்துவிடும். தட்டை வண்ணத்தைப் பக்கெட் கருவியால் ஒரே தட்டில் நிரப்புபவர்கள் ஓரம் மழுங்காத பிரஷால் எல்லை போடுங்கள், இல்லாவிட்டால் கோட்டை ஒட்டி வெள்ளைப் புள்ளிகள் மிஞ்சும். எல்லா லேயரையும் ஒன்றாக்கி ஜேபெக்காக மட்டும் சேமிக்கும் தவறை மட்டும் செய்யாதீர்கள். நான் செய்தேன், மூன்றாம் பக்கத்தில். மூல ஃபைல் இருந்திருந்தால் ஒரு வசனத்தை மாற்ற ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

வசனம் என்றதும் தமிழில் காமிக்ஸ் போடுபவர்களுக்கு ஒரு விஷயம். நம் சொற்கள் நீளம். பலூனை முதலில் வரைந்துவிட்டு எழுத்தை உள்ளே திணித்தால் 'போய்க்கொண்டிருக்கிறேன்' ஒன்றே பலூனைக் கிழித்துவிடும். முதலில் எழுத்து, பிறகு அதைச் சுற்றி பலூன். பேனலில் மேல்பக்கம் கால்வாசியை ஸ்கெட்ச் நிலையிலேயே காலியாக விடுவது என் வழக்கம். எழுத்தை நான் இங்க்ஸ்கேப்பில்தான் வைக்கிறேன், அச்சில் கூர்மையாக வருகிறது. தமிழ் எழுத்தமைப்பைப் புரிந்துகொள்ளாத மென்பொருளில் கொம்பு, எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். அதனால் எந்தப் புது மென்பொருளை நிறுவினாலும் நான் முதலில் தட்டச்சு செய்வது 'கொக்கு'. அது ஒழுங்காக வந்து உட்கார்ந்தால்தான் பிரஷ் பக்கமே போவேன்.